அமெரிக்க உள்நாட்டுப் போர்: சிப்பாய்களுக்கும் வீட்டில் இருந்தவர்களுக்கும் என்ன ஆனது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1861 முதல் 1865 வரை அமெரிக்கா தனக்குள்ளேயே சண்டை போட்டுக்கொண்டது. அடிமைமுறையைக் கைவிட மனமில்லாத 11 தென் மாநிலங்கள் பிரிந்து, கான்ஃபெடரசி என்ற தனி நாடு என்று அறிவித்துக்கொண்டன. பிரிய விடமாட்டோம் என்றது வடக்கு. தளபதிகளைப் பற்றியும் படை நகர்வுகளைப் பற்றியும் எழுதியவர்கள் ஏராளம். இங்கே இருப்பவை வேறு மாதிரியான கேள்விகள். என்ன சாப்பிட்டார்கள், எதனால் செத்தார்கள், செத்த சேதி வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பது போன்றவை.

மொத்தம் எத்தனை பேர் இறந்தார்கள்?

நெடுங்காலமாகச் சொல்லப்பட்ட கணக்கு 6,20,000. 2011-இல் டேவிட் ஹாக்கர் என்ற வரலாற்றாய்வாளர் அந்தக் காலத்து மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளை ஒப்பிட்டுப் பார்த்து, 7,50,000 வரை இருக்கலாம் என்றார். அப்போது நாட்டின் மொத்த மக்கள்தொகையே சுமார் 3 கோடியே 14 லட்சம்தான். ஐம்பது பேரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றரை நூற்றாண்டு கழித்தும் ஒரு லட்சத்துக்கு மேல் வித்தியாசம் வருவது ஏன் என்று கேட்டால், பதில் எளிது. ஒழுங்காக யாரும் எண்ணவில்லை. போர் தொடங்கியபோது இறந்தவர்களைப் பதிவு செய்யவோ, அடையாளம் காணவோ, குடும்பத்துக்குச் சொல்லவோ அரசிடம் முறையான ஏற்பாடு கிடையாது. தென்படையின் பதிவேடுகளில் பல, போரின் கடைசியில் தெற்கின் தலைநகர் ரிச்மண்ட் எரிந்தபோது சாம்பலாயின. கீழே வரும் பல பதில்களுக்கு வேர் இந்த ஓட்டைதான்.

பெரும்பாலோர் குண்டடி பட்டுத்தானே இறந்தார்கள்?

இல்லை. ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேரைக் கொன்றது நோய். வயிற்றுப்போக்கு, சீதபேதி, டைஃபாய்டு, நிமோனியா, மலேரியா. படையில் சேர்ந்தவர்களில் பாதிக்கு மேல் பண்ணைப் பையன்கள். ஆள் நடமாட்டம் குறைந்த இடத்தில் வளர்ந்தவர்களுக்குச் சின்ன வயதில் தட்டம்மைகூட வந்திருக்காது. ஆயிரம் பேரை ஒரே முகாமில் அடைத்ததும் அம்மை ஒரு சுற்று வந்து போகும். அது போனதும் கழிப்பறைக் குழியிலிருந்து கசிந்த தண்ணீர் வேலையைக் காட்டும். துப்பாக்கியைக் குறிபார்த்துச் சுடக் கற்றுக்கொள்ளும் முன்பே செத்தவர்கள் நிறையப் பேர்.

கிருமிதான் நோய்க்குக் காரணம் என்பது அன்றைய மருத்துவர்களுக்கே தெரியாது. லிஸ்டர் என்ற அறுவை மருத்துவர் கார்பாலிக் அமிலத்தால் காயத்தைச் சுத்தம் செய்ய ஆரம்பித்தது 1865-இல்தான், அதுவும் ஸ்காட்லாந்தில். போர் முடிந்த வருடம். சில வருடங்கள் முன்னால் தெரிந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

மயக்க மருந்தே இல்லாமல் கை கால்களை அறுத்தார்களாமே?

சினிமாவில் அப்படித்தான் காட்டுகிறார்கள். உண்மையில் பெரும்பாலான அறுவைகளுக்குக் குளோரோஃபார்மோ ஈதரோ கொடுத்தார்கள். சிக்கல் வேறு இடத்தில். மினியே தோட்டா என்று ஒன்று அப்போது புழக்கத்துக்கு வந்திருந்தது. மெத்தென்ற ஈயத்தில் செய்த, அரை அங்குலத்துக்கு மேல் தடிமனான தோட்டா. எலும்பில் பட்டால் துளைத்துக்கொண்டு போகாது. நசுங்கி, எலும்பைச் சில்லுச் சில்லாக நொறுக்கும். அதை ஒட்டவைக்க வழியில்லை. சீழ் பிடித்து உயிர் போவதற்குள் அறுத்துவிடுவதுதான் அன்றைக்குப் புத்திசாலித்தனம். ஆனால் அதே ரம்பத்தை, ஒரு துணியில் துடைத்துவிட்டு, அடுத்தவருக்கும் பயன்படுத்தினார்கள். அங்கேதான் வினை.

சுமார் 60,000 அறுவைகள் நடந்ததாகச் சொல்வது வழக்கம். பிழைத்து ஊர் திரும்பியவர்களுக்கு மரக்கால் வேண்டுமே? போர் தொடங்கிய சில வாரங்களில், 1861 ஜூனில், ஜேம்ஸ் ஹாங்கர் என்ற 18 வயது வர்ஜீனியா இளைஞர் பீரங்கிக் குண்டால் காலை இழந்தார். வீட்டுக்கு வந்து, பீப்பாய்ப் பலகைகளைச் செதுக்கி, முழங்காலில் மடங்குகிற மாதிரி தனக்கே ஒரு கால் செய்துகொண்டார். அவர் பெயரில் தொடங்கிய நிறுவனம் இன்றும் செயற்கை உறுப்புகள் செய்கிறது. மிசிசிப்பி மாநிலம் 1866-இல் தன் வருவாயில் ஐந்தில் ஒரு பங்கைச் செயற்கைக் கை கால்களுக்கே செலவிட்டதாகச் சொல்லப்படுகிறது.

சிப்பாய்கள் என்ன சாப்பிட்டார்கள்?

வடக்குச் சிப்பாய்க்கு உப்புப் பன்றி இறைச்சி, பீன்ஸ், ஹார்ட்டாக். இந்தக் கடைசி ஐட்டம் மாவும் தண்ணீரும் மட்டும் சேர்த்துச் சுட்ட பிஸ்கட். பெயர்தான் பிஸ்கட், கடித்தால் பல் போகும். துப்பாக்கிக் கட்டையால் உடைத்துச் சூடான காப்பியில் போடுவார்கள். உள்ளே இருக்கும் வண்டுகள் மேலே மிதந்து வரும். கரண்டியால் வழித்துப் போட்டுவிட்டு மிச்சத்தைக் குடிப்பார்கள்.

காப்பிதான் அவர்களை ஓடவைத்தது. ஒரு சிப்பாய்க்கு ஆண்டுக்குச் சுமார் 36 பவுண்டு, அதாவது 16 கிலோ காப்பி. தெற்கிலோ, வடக்கின் கடற்படை துறைமுகங்களை அடைத்துவிட்டதால் காப்பிக்கொட்டை வரவில்லை. அதனால் ரை என்ற தானியம், கருவாலி (ஓக்) மரத்தின் கொட்டை, சர்க்கரைவள்ளிக்கிழங்கு, சிக்கரி என்று கையில் கிடைத்ததையெல்லாம் வறுத்துப் பொடித்தார்கள். இருப்பதிலேயே தேவலை என்று பலர் பாராட்டியது எதைத் தெரியுமா? முற்றிய வெண்டைக்காயின் விதையை. நம் வீட்டில் முற்றல் என்று தூக்கிப்போடுகிற அதே வெண்டைக்காய்தான்.

தெற்கில் புகையிலை கொட்டிக் கிடந்தது. ஆகவே இரு தரப்புக் காவல் வீரர்களும் இரவில் ரகசியமாகச் சந்தித்து, காப்பிக்குப் புகையிலை என்று பண்டமாற்று செய்துகொண்டார்கள். காலையில் மறுபடி சுட்டுக்கொண்டார்கள்.

ஒருவர் இறந்தால் வீட்டுக்கு எப்படித் தெரியும்?

பல நேரங்களில் தெரியவே தெரியாது. கழுத்தில் தொங்கும் அடையாளத் தகட்டை அரசு அப்போது கொடுக்கவில்லை. அடிபட்டவர்கள் பட்டியலைச் செய்தித்தாள்கள் போடும். பெயர் தப்பும் தவறுமாக இருக்கும். உடன் இருந்த நண்பனோ செவிலியரோ கடிதம் எழுதினால் உண்டு. 1864-இல் வர்ஜீனியாவின் கோல்ட் ஹார்பர் தாக்குதலுக்கு முந்தைய இரவு, சிப்பாய்கள் தங்கள் பெயரையும் ஊரையும் துண்டுக் காகிதத்தில் எழுதிச் சட்டையின் முதுகில் குத்திக்கொண்டதை ஒரு படை அதிகாரி பார்த்து எழுதி வைத்திருக்கிறார்.

ஒரு கதையைச் சொன்னால் நிலைமை புரியும். 1863 ஜூலையில் பென்சில்வேனியா மாநிலத்தின் கெட்டிஸ்பர்க் ஊரில் சண்டை முடிந்தபின், ஊருக்குள் ஓரிடத்தில் ஒரு வடக்குச் சிப்பாயின் உடல் கிடந்தது. அடையாளம் எதுவும் இல்லை. கையில் மட்டும் ஒரு கண்ணாடிப் புகைப்படம். மூன்று குழந்தைகள். சாகும்போது அதைப் பார்த்துக்கொண்டே செத்திருக்கிறார்.

அந்தப் படம் பிலடெல்ஃபியாவைச் சேர்ந்த ஒரு மருத்துவர் கைக்குப் போனது. செய்தித்தாளில் புகைப்படம் அச்சிடும் நுட்பம் அப்போது வரவில்லை. ஆகவே அக்டோபரில், இது யாருடைய அப்பா என்று கேட்டு, படத்தைச் சொற்களாலேயே வர்ணித்து வெளியிட்டார்கள். நடுவில் சின்னக் குழந்தை, இருபுறமும் பெரியவர்கள், பையனின் சட்டையும் பெண் குழந்தையின் கவுனும் ஒரே துணி. ஒரே துணியில் வெட்டித் தைத்தது எந்த அம்மாவுக்கு மறக்கும்? மற்றப் பத்திரிகைகளும் இதை எடுத்துப் போட்டன. நியூயார்க் மாநிலத்தில் போர்ட்வில் என்ற சிற்றூரில், கெட்டிஸ்பர்க்குக்குப் பிறகு கணவரிடமிருந்து கடிதமே வராமல் காத்திருந்த ஃபிலிண்டா ஹியூமிஸ்டன் என்ற பெண் படித்தார். படத்தின் நகலை அனுப்பச் சொல்லிப் பார்த்தார். அவர் பிள்ளைகள்தான். இறந்தவர் சார்ஜன்ட் ஏமஸ் ஹியூமிஸ்டன். மனைவிக்கு உறுதியாகத் தெரிய நான்கு மாதம் ஆகியிருந்தது.

அந்தப் படத்தின் நகல்களை விற்றும் நன்கொடை திரட்டியும் கெட்டிஸ்பர்க்கில் 1866-இல் சிப்பாய்களின் அநாதைக் குழந்தைகளுக்கு இல்லம் திறந்தார்கள். ஃபிலிண்டா பிள்ளைகளோடு அங்கேயே வேலைக்குப் போனார். பின்னாளில் குழந்தைகளைக் கொடுமைப்படுத்திய புகாரில் அந்த இல்லம் மூடப்பட்டது தனி வேதனை.

காணாமல் போனவர்களை யாரும் தேடவில்லையா?

கிளாரா பார்ட்டன் தேடினார். போர்க்களத்தில் செவிலியாக இருந்தவர். 1865-இல் வாஷிங்டனில் ஒரு மாடியறையை அலுவலகமாக வைத்துக்கொண்டு, மகனைத் தேடும் அம்மாக்களின் கடிதங்களை வாங்கினார். 63,000-க்கும் மேல் வந்தன. பெயர்ப்பட்டியல்களை அச்சிட்டு ஊர் ஊராக அனுப்பி, 22,000 பேருக்கு என்ன ஆனது என்று கண்டுபிடித்துச் சொன்னார்.

சண்டை நடந்த ஊர்க்காரர்களின் கதி?

கெட்டிஸ்பர்க்கில் மொத்தமே சுமார் 2,400 பேர். மூன்று நாள் சண்டை போட்டுவிட்டு இரு படைகளும் கிளம்பிப் போனபோது, விட்டுச் சென்றது 20,000-க்கும் மேற்பட்ட காயம்பட்டவர்களை. அத்தோடு ஆயிரக்கணக்கான மனித உடல்கள், செத்த குதிரைகள். ஜூலை மாத வெயில். சர்ச், பள்ளிக்கூடம், வைக்கோல் கொட்டகை, வீட்டுக் கூடம் எல்லாம் ஆஸ்பத்திரி. வெளியே போகிறவர்கள் புதினா எண்ணெய் நனைத்த கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்கள்.

சண்டையின்போது நேரடியாகக் குண்டுபட்டு இறந்த ஊர்க்காரர் ஒரே ஒருவர்: ஜென்னி வேட், 20 வயது. பிரசவமான அக்காவுக்குத் துணையாக வந்திருந்தவர். ஜூலை 3 காலையில் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தபோது, இரண்டு கதவுகளைத் துளைத்து வந்த தோட்டா முதுகில் பாய்ந்தது. அவருக்கு நிச்சயிக்கப்பட்டவர் என்று ஊரில் சொல்லப்படும் ஜாக் ஸ்கெல்லி, ஜூனிலேயே வர்ஜீனியாவில் அடிபட்டுக் கிடந்தார். அது ஜென்னிக்குத் தெரியாது. ஜூலை 12-இல் அவரும் இறந்தார். ஜென்னி போனது அவருக்குத் தெரியாது.

விக்ஸ்பர்க் கதை வேறு. மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருக்கும் அந்த ஊரை 1863-இல் வடக்குப் படை 47 நாள் முற்றுகையிட்டது. பீரங்கிக் குண்டுக்குப் பயந்து, குடும்பங்கள் மேட்டு மண்ணைக் குடைந்து குகை வீடு செய்துகொண்டன. கட்டிலும் கம்பளமும் உள்ளே போயின. இறைச்சி தீர்ந்ததும் கோவேறு கழுதை. செய்தித்தாள் காகிதம் தீர்ந்ததும், சுவரில் ஒட்டும் பூப்போட்ட தாளின் பின்பக்கத்தில் பத்திரிகை அடித்தார்கள்.

தெற்கில் பஞ்சம் வந்ததா?

விளைச்சல் இருந்தது, வண்டி இல்லை, உப்பு இல்லை, பணத்துக்கு மதிப்பில்லை. கான்ஃபெடரசி அச்சடித்துத் தள்ளிய நோட்டால், கடைசியில் விலைவாசி போருக்கு முன்பிருந்ததைவிடச் சுமார் 90 மடங்கு ஏறியிருந்தது. இறைச்சியைப் பதப்படுத்த உப்பு கிடைக்காமல், பழைய இறைச்சிக் கொட்டகைகளின் மண் தரையைத் தோண்டி, அந்த மண்ணைக் கரைத்துக் காய்ச்சி உப்பு எடுத்தார்கள்.

1863 ஏப்ரல் 2-இல் ரிச்மண்ட் வீதியில் நூற்றுக்கணக்கான பெண்கள் கோடரியும் கத்தியுமாக இறங்கிக் கடைகளை உடைத்தார்கள். ரொட்டி வேண்டும் என்பதுதான் கோஷம். தெற்கின் அதிபர் ஜெஃபர்சன் டேவிஸ் நேரில் வந்து, வண்டிமேல் ஏறி, பையில் இருந்த காசையெல்லாம் எடுத்து வீசினார். கூட்டம் கலையவில்லை. ஐந்து நிமிடத்தில் கலையாவிட்டால் சுடச் சொல்வேன் என்றார். கலைந்தது. இதைப் பெரிதாக எழுத வேண்டாம் என்று பத்திரிகைகளிடம் அரசு கேட்டுக்கொண்டது.

பணக்காரர்களும் போருக்குப் போனார்களா?

விரும்பினால் போகலாம், விரும்பாவிட்டால் வழி இருந்தது. வடக்கில் 1863-இல் கட்டாய ஆள்சேர்ப்புச் சட்டம் வந்தபோது, 300 டாலர் கட்டினால் அந்த முறைக்கு விலக்கு. அல்லது கூலிக்கு ஒரு மாற்றாளை அனுப்பலாம். 300 டாலர் என்பது ஒரு கூலித் தொழிலாளியின் ஏறக்குறைய ஒரு வருடச் சம்பளம். தெற்கில், 20 அடிமைகள் உள்ள தோட்டத்துக்கு ஒரு வெள்ளையருக்கு விலக்கு. பணக்காரன் போர், ஏழை சண்டை என்று இரு பக்கமும் முணுமுணுத்தார்கள்.

நியூயார்க்கில் அது முணுமுணுப்போடு நிற்கவில்லை. 1863 ஜூலை 13 முதல் நான்கு நாள் கலவரம். நூறு பேருக்கு மேல் பலி. கோபம் சட்டத்தின்மேல் ஆரம்பித்து, எந்தத் தப்பும் செய்யாத கறுப்பின மக்கள்மேல் பாய்ந்தது. கறுப்பினக் குழந்தைகளின் அநாதை இல்லத்தையே கொளுத்தினார்கள். இருநூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பின்வழியாக வெளியேற்றிக் காப்பாற்ற முடிந்தது.

பெண்கள் என்ன செய்தார்கள்?

பண்ணையைப் பார்த்தார்கள், அலுவலக வேலைக்குப் போனார்கள், ஆயிரக்கணக்கில் செவிலியரானார்கள். வடக்கில் செவிலியருக்குப் பொறுப்பாக இருந்த டொரோதியா டிக்ஸ் போட்ட விதி பிரசித்தம்: வயது 30-க்கு மேல் இருக்க வேண்டும், பார்க்கச் சுமாராக இருக்க வேண்டும். நானூறு பேராவது ஆண்வேடம் போட்டுச் சண்டையே போட்டார்கள் என்கிறார்கள்.

1862 செப்டம்பர் 17 அன்று மேரிலாந்து மாநிலத்தின் ஆன்டீட்டமில் ஒரே நாளில் இறந்தும் அடிபட்டும் விழுந்தவர்கள் சுமார் 23,000 பேர். அமெரிக்க வரலாற்றில் மிக ரத்தம் சிந்திய நாள். அதே நாள், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, பிட்ஸ்பர்க்கின் ஆயுதச் சாலை வெடித்தது. தோட்டாவுக்கு வெடிமருந்து சுற்றிக்கொண்டிருந்த 78 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் இளம்பெண்கள். ஆன்டீட்டம் பாடப்புத்தகத்துக்குப் போனது. பிட்ஸ்பர்க்கை எத்தனை பேருக்குத் தெரியும்?

கறுப்பினச் சிப்பாய்களுக்கு ஒரே சம்பளமா?

வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர். கறுப்பினச் சிப்பாய்க்கு 10 டாலர், அதிலும் உடைக்கென்று 3 டாலர் பிடித்தம். 54-ஆவது மாசசூசெட்ஸ் படைப்பிரிவு, கொடுத்தால் முழுசாகக் கொடு என்று சம்பளமே வாங்க மறுத்தது. வித்தியாசத்தை நாங்கள் தருகிறோம் என்று மாநில அரசு முன்வந்தபோதும் வாங்கவில்லை. பணம் பெரிதில்லை, மட்டமாக நடத்துவதுதான் பிரச்சினை என்பது அவர்கள் நிலை. அத்தனை மாதமும் வீட்டில் பெண்டாட்டி பிள்ளைகள் என்ன பாடு பட்டிருப்பார்கள்! 1864 ஜூனில் நாடாளுமன்றம் இறங்கி வந்தது.

சுமார் 1,80,000 கறுப்பினத்தவர் வடக்குப் படையில் சேர்ந்தார்கள். 40,000 பேர் வரை திரும்பவில்லை.

அடிமைகளாக இருந்தவர்களுக்குப் போர் முடிந்ததும் நிம்மதி கிடைத்ததா?

விடுதலை கிடைத்தது. சுமார் 40 லட்சம் பேருக்கு. நிலம் கிடைக்கவில்லை. கடலோரத்தில் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை என்று 1865 ஜனவரியில் வடக்குத் தளபதி ஷெர்மன் ஒதுக்கியதை, அதே ஆண்டு அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன் பழைய முதலாளிகளுக்கே திருப்பிவிட்டார். போர்க்காலத்தில் தப்பி வந்தவர்கள் அடைந்த முகாம்களில் பெரியம்மை கொன்ற எண்ணிக்கை சொல்லி மாளாது.

அப்புறம் அந்த விளம்பரங்கள். போருக்குப் பின் பல ஆண்டுகள், கறுப்பினப் பத்திரிகைகளில் தேடல் அறிவிப்புகள் வந்துகொண்டே இருந்தன. என் அம்மாவை இன்ன ஊரில் இன்னாரிடம் விற்றார்கள், தகவல் தெரிந்தால் சொல்லுங்கள் என்ற மாதிரி. வெள்ளைச் சிப்பாயின் அம்மா கிளாரா பார்ட்டனுக்கு எழுதினார். விற்கப்பட்ட பிள்ளையின் அம்மா பத்திரிகைக்கு எழுதினார்.

போர்க்கைதிகள்?

ஜார்ஜியாவின் ஆண்டர்சன்வில் முகாமில், கூரையில்லாத வேலிக்குள் 14 மாதங்களில் சுமார் 45,000 பேரை அடைத்தார்கள். கிட்டத்தட்ட 13,000 பேர் இறந்தார்கள். குடிக்கவும் கழிக்கவும் ஒரே ஓடை. வேலிக்கு உள்ளே ஒரு கோடு உண்டு, தாண்டினால் சுடுவார்கள். அதற்குப் பெயர் டெட்லைன். நம் ஆபீஸ்களில் தினமும் சொல்கிறோமே, அந்தச் சொல்லின் பிறப்பிடம் இந்த மாதிரிச் சிறைகள்தான். வடக்கும் யோக்கியமில்லை: நியூயார்க் மாநிலத்தின் எல்மைரா முகாமில் 12,000 கைதிகளில் 3,000 பேர் அளவில் செத்தார்கள், உணவுக்குக் குறைவில்லாத மாநிலத்தில்.

மனம் பாதிக்கப்பட்டவர்களை எப்படி நடத்தினார்கள்?

நோய்க்கே பெயர் இல்லாத காலம். வீட்டு ஏக்கத்தில் சோறு தண்ணீர் இறங்காமல் படுத்துவிட்டவர்களுக்கு "நாஸ்டால்ஜியா" என்று மருத்துவப் பதிவேட்டில் எழுதினார்கள். படபடப்பு, மூச்சுத்திணறல் என்று வந்தவர்களைப் பிலடெல்ஃபியாவில் ஜேக்கப் டா கோஸ்டா ஆராய்ந்து 1871-இல் எழுதினார். இதயத்தில் கோளாறு தேடினார். பெரிதாக எதுவும் அகப்படவில்லை. சிப்பாயின் இதயம் என்று பெயர் நிலைத்தது. மற்றவர்கள் கோழை, சோம்பேறி, குடிகாரன் என்ற பட்டங்களோடு ஊரில் கிடந்தார்கள்.

இந்தியாவுக்கு இதில் ஏதாவது சம்பந்தம் உண்டா?

பருத்தி. தெற்கின் பஞ்சு வராமல் இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகள் நின்றதும், வெள்ளைக்காரன் பார்வை இந்தியப் பஞ்சின்மேல் விழுந்தது. பம்பாய் கொழித்தது. திருநெல்வேலிச் சீமைப் பஞ்சுக்கும் விலை எகிறியது. 1865-இல் போர் நின்றதும் விலையும் விழுந்தது.

உடல்களை யார் அடக்கம் செய்தார்கள்?

சண்டை முடிந்த இடத்தில், வென்றவர்கள் அவசரத்துக்குக் குழி தோண்டி மூடினார்கள். போருக்குப் பிறகு வடக்கு அரசு ஆறு ஆண்டுகள் செலவிட்டு, தோட்டத்திலும் சாலையோரத்திலும் கிடந்த 3 லட்சத்துக்கும் மேற்பட்ட உடல்களைத் தோண்டியெடுத்து, 74 தேசியக் கல்லறைகளில் புதைத்தது. தோண்டும் வேலையில் பெரும்பங்கு கறுப்பினச் சிப்பாய்களுடையது. பாதிக்குச் சற்று மேற்பட்டவர்களுக்குத்தான் பெயர் தெரிந்தது. விக்ஸ்பர்க் கல்லறையில் 17,000 பேர்; அதில் 13,000 கற்களில் எண் மட்டும்தான்.

தென்படையினருக்கு இந்த மரியாதை கிடையாது. அவர்கள் ஊர்ப் பெண்கள் சங்கம் வைத்துக் காசு திரட்டினார்கள். கெட்டிஸ்பர்க் வயல்களிலிருந்து 3,000 பேர் அளவுக்கு எலும்புகளைப் பெட்டியில் போட்டு 1870-களில் ரிச்மண்டுக்கு வரவழைத்தார்கள்.

இந்தப் போரின் செலவு எப்போது தீர்ந்தது?

2020 மே 31 அன்று. பென்ஷன் கணக்கில் சொல்கிறேன்.

வடக்குச் சிப்பாய்களுக்கும் விதவைகளுக்கும் தந்த பென்ஷன் வளர்ந்துகொண்டே போய், 1890-களின் தொடக்கத்தில் மத்திய அரசின் வருவாயில் 40%-ஐத் தாண்டியது. வயதான சிப்பாயை இளம்பெண் கட்டிக்கொள்வதும், அவருக்குப் பின் பென்ஷன் வாங்குவதும் சகஜமானது. வட கரோலினாவைச் சேர்ந்த ஒருவர் முதலில் தென்படையில் இருந்தார். கெட்டிஸ்பர்க்குக்கு முன் உடம்பு சரியில்லாமல் ஆஸ்பத்திரியில் தங்கி, அங்கிருந்து ஓடி, பிறகு வடக்குப் படையில் சேர்ந்தார். 1930-இல் 83 வயதில் அவருக்கு ஒரு மகள் பிறந்தாள். அந்த மகள் உடல்நலக் குறைவால் பிறரைச் சார்ந்தே வாழ்ந்ததால், அப்பாவின் பென்ஷன் அவருக்குத் தொடர்ந்தது. 2020-இல் ஒரு முதியோர் இல்லத்தில் இறக்கும் வரை அமெரிக்க அரசு மாதாமாதம் அவருக்கு அனுப்பிய தொகை 73 டாலர் 13 சென்ட்.